நடை வேகம்

எல்லாரும் வண்டியில் செருகும் அந்தக் கைப்பெட்டியை வாங்குவது வேகமாகப் போவதற்கு. நான் கேட்டது மெதுவாகப் போவதற்கு. ஜாசினில் காடிச் சாமான், அதாவது கார்ச் சாமான், கடை வைத்திருக்கும் ஷங்கர் அதைக் கேட்டு முதலில் சிரித்தான். நான் என்ன வண்டி ஓட்டுகிறேன் என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு எனக்கு ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

நான் பிண வண்டி ஓட்டுகிறவன். பெயர் திருச்செல்வம். பெம்பானிலிருந்து டுரியான் துங்கால் வரைக்கும், தோட்டமோ தாமான் குடியிருப்போ, நம் ஆள் ஒருவர் கண்ணை மூடினால் சொந்தக்காரர்களுக்குச் சொல்வதற்கு முன்பே எனக்குச் சொல்லிவிடுவார்கள். பத்திரிகையில் 'சவ ஊர்தி' என்று மரியாதையாகப் போடுகிறார்கள். சனங்கள் வாயில் அது பிண வண்டிதான். கல்யாண வீட்டில் என்னைக் கண்டால் சிலருக்கு முகம் கோணும். கோணட்டும். ஒரு நாளைக்கு என் வண்டியில் ஏறத்தானே வேண்டும், அதுவும் படுத்துக்கொண்டு.

இந்தத் தொழிலில் வித்தை என்று ஒன்று இருந்தால் அது மெதுவாக ஓட்டுவதுதான். வாசலிலிருந்து சிம்பாங் வரைக்கும், பெரிய ரோடு சந்திக்கிற முனை வரைக்கும், சனம் நடந்து வரும். கொள்ளிச்சட்டி முன்னால் போகும், வண்டி அதன் பின்னால், அழுகிறவர்கள் வண்டிக்குப் பின்னால். சிம்பாங்குக்கு வந்த பிறகுதான் எல்லாரும் பஸ்ஸிலும் காடியிலும் ஏறி மின்சுடலைக்குப் போவார்கள். அந்தக் கொஞ்ச தூரத்தில் வண்டி நடக்க வேண்டும், ஓடக் கூடாது. என்னுடைய பழைய வேன் கியர் வண்டி. முதல் கியரில் போட்டுவிட்டால் வயதான மாடு மாதிரி தானாக நடக்கும். அது ஆயுசு முடிந்து போனதும் வாங்கியது ஆட்டோ வண்டி, உள்ளே கம்ப்யூட்டர். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் சட்டிக்காரன் முதுகில் போய் இடிக்கப் பார்க்கிறது. மிதித்தால் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. அப்படி ஆட்டுகிறபோதெல்லாம் உள்ளே சவப்பெட்டி முன்னும் பின்னும் நகரும்.

டுரியான் துங்கால் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனபோது பெட்டி நகர்ந்து கம்பியில் மோதிச் சத்தம் கேட்டது. பின் கதவைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்த மகள் ஓடி வந்து என் ஜன்னலைத் தட்டினாள். "அம்மாவுக்கு வலிக்கும் அங்கள். கொஞ்சம் பெலான் பெலான், மெதுவா போங்க" என்றாள். திட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன், எனக்கு வாய் நீளம். அந்தப் பெண் கெஞ்சினாள்.

அன்றைக்கும் வண்டிக்குப் பூ ஜோடித்தது என் மனைவி பவானேஸ்வரிதான். நான் வண்டி எடுத்த நாளிலிருந்து பூ வேலை அவளுடையது. வீட்டுக்குத் திரும்பும்போது அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "அந்தப் பொண்ணு சொன்னது ஞாயந்தாங்க" என்றாள். நான் வண்டியைத் திட்டினேன், ஜப்பான்காரனைத் திட்டினேன்.

அப்போதே அவளுக்கு வயிற்றில் வலி இருந்திருக்கிறது. காற்று என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஈரல் என்றார்கள், பரவிவிட்டது என்றார்கள், வலிக்கு மருந்து கொடுத்து வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டில் வைத்துப் பார்ப்பதென்றால் என்ன என்று என் தொழில்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஹாலில் ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டு அவளைப் படுக்க வைத்தேன்.

அதன் பிறகுதான் எனக்கு அந்தக் கைப்பெட்டிப் பைத்தியம் பிடித்தது. வாசலில் நிற்கும் வேனைப் பார்க்கிறபோதெல்லாம் அந்தப் பெண் ஜன்னலைத் தட்டியது கேட்கும். என் பவானியும் இதில்தான் போகப் போகிறாள், இந்தச் சனியன் அவளையும் இப்படித்தான் குலுக்கும். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஷங்கர் கடையில் எல்லாவற்றையும் விளக்கினான். கைப்பேசியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கும் சாக்கெட்டில் செருகினால் எஞ்சினின் கம்ப்யூட்டரோடு பேசும். வண்டியில் முதலில் இருந்த கணக்கை எடுத்துத் தனக்குள் வைத்துக்கொண்டு, நாம் கேட்பதை உள்ளே எழுதும்.

"ஐட்லிங்கக் கொறைக்கலாம்ண்ணே. பிரேக்க விட்டதும் பாயாம மெதுவா நகர வைக்கலாம். ஆனா ரொம்பக் கொறைச்சா எஞ்சின் நடுங்கும். உள்ள இருக்கிறவங்களுக்கு" என்று தொடங்கியவன் வாயை மூடிக்கொண்டான்.

"வொர்க்‌ஷாப்புல குடுத்தா செய்ய மாட்டானா?"

"செய்வான். ஒரு தடவை எழுதிக் குடுத்துருவான், அவ்ளோதான். நீங்க கேக்குறது ஆளு நடக்கிற வேகம். அத உங்க ரோட்டுல ஓட்டி ஓட்டிப் பாத்து, கொஞ்சம் கொஞ்சமா மாத்துனாத்தான் அமையும். அதுக்கு இது சொந்தமா கையில இருக்கணும்."

சரியான பேச்சுதான். வாங்கியிருக்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். விலை ஒரு காரணமே இல்லை. சாவுக்கு வேண்டியது எதையும் சாவுக்கு முன்னால் வாங்கக் கூடாது. கோடித்துணியோ மண்சட்டியோ, மூச்சு நின்ற பிறகுதான் கடைக்கு ஆள் போகும். எமனுக்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதா? தொழிலுக்குத்தானே வாங்குகிறேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். என் மனசுக்கு அது பொய் என்று தெரிந்திருந்தது.

கைப்பேசியில் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் பவானி பிடித்துவிட்டாள்.

"என்னாங்க அப்படி உத்து உத்துப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்லலா. வண்டிச் சாமான்."

"காட்டுங்க." வாங்கிப் பார்த்தாள். "இது ரேஸ் ஓட்டுற பசங்க வாங்குறதுல்ல?"

"வேகத்தக் கூட்டவும் செய்யும், கொறைக்கவும் செய்யும்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். "வாங்கிருங்க" என்றாள்.

"இப்ப என்ன அவசரம்? தொழிலு டல்லு. எழவு ஒண்ணும் வரல."

"அதான் நான் இருக்கேன்ல?"

கிண்டலாகத்தான் சொன்னாள். எனக்குக் கோபம் மண்டைக்கேறியது. நோயாளி என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். வெளியே போய், காலையில் கழுவிய வண்டியை மறுபடியும் கழுவினேன்.

லோரி ஓட்டும் அவள் தம்பி காந்தன் அந்த நேரம் பார்த்து வந்தான். விஷயத்தைச் சொன்னேன். அவன் ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"வேணாம் மாமா. அக்கா உயிரோட இருக்கையில அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்துச்சுன்னா நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"தொழிலுக்குடா காந்தா."

"யாருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

அவன் சொன்னதும் சரிதான். அதனால் அவன் மேலும் எரிச்சலாக வந்தது. வாங்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டு உள்ளே போனேன். பவானி ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். பக்கத்தில் உட்காரச் சொல்லி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பவே ஒடம்பு பூரா வலிக்குதுங்க. மெத்தை மடிப்பு பட்டாக்கூட வலிக்குது. போகையிலயாவது குலுக்காமக் கொண்டு போங்க. நீங்கதானே ஓட்டுவீங்க?"

"வேற யாரு ஓட்டுவா?"

"வேற ஆளுகிட்ட குடுத்துறாதீங்க."

"நாந்தான் ஓட்டுவேன் பவானி" என்றேன். நான் அழுததை அவள் பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன். மறுநாள் ஜாசினுக்குப் போய்ப் பெட்டியை வாங்கினேன்.

"ஒரு வண்டிக்குச் செருகிட்டா இது அந்த வண்டியோட மேரி ஆயிரும்ண்ணே, கல்யாணம் மாதிரி" என்றான் ஷங்கர். "அத விட்டுக் கழட்டுற வரைக்கும் வேற வண்டிக்கு வேலை செய்யாது."

வீட்டில் வந்து சொன்னதும் பவானி சிரித்தாள். "பரவால்லயே. எனக்கு அப்புறம் ஒங்களுக்கு ஒரு ரெண்டாந்தாரம்" என்றாள். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. அவள் சிரித்தே ரொம்ப நாளாகியிருந்தது.

எங்கள் தாமானுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டத்து ரோடு போகிறது. பெட்டியைச் செருகி ஐட்லிங்கைக் குறைத்து அதில் ஓட்டிப் பார்த்தேன். சவப்பெட்டி வைக்கும் தட்டில் தண்ணீர்ச் செம்பை வைத்தேன். தண்ணீர் சிந்தவில்லை. ஆனால் செம்புக்கு வலிக்குமா இல்லையா என்று செம்பு சொல்லாதே. ஒவ்வொரு தடவையும் மாற்றினேன், ஒவ்வொரு தடவையும் சந்தேகம் மிச்சமிருந்தது.

"நான் படுத்துப் பாத்துச் சொல்றேன்" என்றாள் பவானி.

"பைத்தியமா ஒனக்கு? உயிரோட இருக்கிறவ அதுல படுக்கிறதா?"

"இதுவரைக்கும் அதுல போனவங்க யாராச்சும் எறங்கி வந்து எப்படி இருந்துச்சுன்னு ஒங்களுக்குச் சொன்னாங்களா?"

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவன் தோற்றான் என்பார்கள், தோற்றுப் போனேன். தட்டில் மெத்தை விரித்து, தலையணை வைத்து, அவளைத் தூக்கிக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். கனமே இல்லை. பூக்கூடையோடு அவள் இந்த வண்டியில் ஏறியதுதான் ஞாபகம் வந்தது.

காலை வெயில் ஏறுவதற்கு முன்னால், செம்பனை நிழலில் வண்டியை நகர்த்தினேன். பின்னாலிருந்து அவள் குரல் வரும். "இப்பத் தள்ளுது." நிறுத்திப் பெட்டியில் மாற்றுவேன். "இப்ப நடுங்குது, பல்லு கூசுது." கொஞ்சம் ஏற்றுவேன். "இப்ப?" "முன்னைக்கி இது தேவல." இன்னும் கொஞ்சம் மாற்றினேன். காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தேன், எதையும் மிதிக்கவில்லை. வண்டி தானாக நடந்தது. பக்கத்தில் யாராவது நடந்து வந்தால் அவர்களோடு பேசிக்கொண்டே போகலாம், அப்படி ஒரு வேகம்.

"இப்ப எப்படி?" என்றேன். பதில் இல்லை. "பவானி, இப்ப எப்படி இருக்கு?" மறுபடியும் பதில் இல்லை.

காந்தன் பயந்தது பலித்துவிட்டது, நானே அழைத்துவிட்டேன், நானே படுக்க வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே இறங்கி ஓடினேன். பின் கதவைத் திறந்தேன். வாயை லேசாகத் திறந்தபடி அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு சீராக வந்தது. மருந்து குடித்தும் முனகிக்கொண்டே கிடந்தவள் அவள். தூங்கட்டும் என்று கதவை மெல்லச் சாத்திவிட்டு, ரோட்டின் கடைசி வரைக்கும் ஓட்டினேன். திரும்பவும் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

கண் விழித்ததும், "இத மாத்தாதீங்க, இதுவே இருக்கட்டும்" என்றாள்.

அதிலிருந்து தினமும் காலையில் அவளை அப்படிக் கொண்டுபோனேன். அவளுக்குத் தூக்கம் வந்தது அந்த ஒரு நேரத்தில்தான். தாமானில் பேச்சு கிளம்பியது. பொண்டாட்டி சாகிறதுக்கு முன்னாலேயே ஒத்திகை பார்க்கிறான் என்று ஒருத்தி சொன்னது என் காதுக்கே வந்தது. ஊர் வாயை உலைமூடியால் மூட முடியுமா? காந்தனும் கேள்விப்பட்டுச் சண்டைக்கு வந்தான். பின் கதவைத் திறந்து, தூங்குகிற அக்காவைப் பார்த்தான். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு லோரி இல்லாத நாட்களில் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைப்பது அவன் வேலையாகிவிட்டது.

அவள் போனது வண்டியில் இல்லை, கட்டிலில்தான், ஒரு விடியற்காலையில். எனக்குத் தெரிந்த காரியங்கள் எல்லாவற்றையும் நானே செய்தேன். போன் பண்ணினேன், பெட்டிக்குச் சொன்னேன், நாற்காலிக்குச் சொன்னேன். காந்தன் பெண்டாட்டி ஷாந்தினி வண்டிக்குப் பூ ஜோடித்தாள். பவானியின் கைப்பக்குவம் வரவில்லை, இருந்தாலும் குறை சொல்லவில்லை. மேளம் வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்ததால் மேளக்காரர்களை அழைக்கவில்லை. குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு, பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். நான் வழக்கம்போல் சுற்றி வந்து கதவுகளைச் சரிபார்த்தேன். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினேன். ஒரு நடுக்கம் இல்லை. இன்றைக்குத்தான் இந்த வண்டியை ஒழுங்காக ஓட்டப் போகிறோம் என்று தோன்றியது. அவளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் போகிறேன் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஒரு பிடிமானமாக இருந்தது.

பண்டாரம் சுப்பன் வந்து ஜன்னலோரமாக நின்றார். இந்தச் சுற்று வட்டாரத்தில் காரியம் செய்பவர் அவர், எனக்கு அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் பழக்கம்.

"நீ என்னாப்பா இங்க வந்து குந்தியிருக்க?"

"நேரமாச்சுல்லண்ணே, எடுக்கலாம்."

"எடுக்கிறது இருக்கட்டும். சட்டி யாரு தூக்குறது?"

எந்த எழவு வீட்டுக்குப் போனாலும் நான் கேட்கும் முதல் கேள்வி அது. யார் சட்டி தூக்குவது என்று கேட்டு, அந்த ஆளைப் பார்த்து வைத்துக்கொண்டு, அவர் நடைக்குத் தக்கபடி ஓட்டுவதுதான் என் வழக்கம். மகன் இல்லாத வீட்டில் புருஷனைத் தேடிப் பிடித்து முன்னால் நிறுத்தியதும் எத்தனையோ தடவை நான்தான். என் வீட்டில் அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. அத்தனை வருஷம் என்னோடு சாவு வீடு சாவு வீடாக வந்த பவானிக்கும் அது தோன்றவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வண்டியை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"காந்தன் தூக்கட்டும்ண்ணே. நான் ஓட்டுறேன்னு அவகிட்ட சொல்லிட்டேன்."

"புருசன் இருக்கையில தம்பியா?" சுப்பன் குரலைத் தாழ்த்தினார். "அவளுக்கு நீதான் நெருப்பு வைக்கணும். எறங்குப்பா."

அவரிடம் கத்தினேன். என்னென்னவோ சொன்னேன், இப்போது ஞாபகமில்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். வேறு ஆளிடம் கொடுத்துவிடாதீர்கள் என்று அவள் கேட்டாள். கொடுத்தேன். சாவியைக் காந்தன் கையில் வைத்தேன்.

"நீ ஒண்ணும் செய்யாதடா" என்றேன். "எண்ணெய்ப் பெடலையும் மிதிக்காத, பிரேக்கையும் மிதிக்காத. ஸ்டீயரிங்க மட்டும் புடிச்சுக்க. அதுவே போகும்."

"சரி மாமா."

"பிரேக்குல கால வைக்காத. வச்சா ஆட்டிரும்."

"சரி மாமா."

தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நின்றேன். சுப்பன் நடக்கச் சொன்னார். நடந்தேன். பின்னால் வண்டி வருகிற சத்தமே கேட்கவில்லை, அத்தனை பதமாக வந்தது. திரும்பிப் பார்த்தால் சுப்பன் திட்டுவார். வருகிறதா என்று கேட்டேன். வருதுப்பா, நீ நட என்றார்.

எங்கள் தெரு முனையில் எனக்கு நிற்க வேண்டும் போல இருந்தது. சிம்பாங் வந்துவிட்டால் அவளை வண்டி கொண்டுபோய்விடும், மின்சுடலைக்குப் போக அதற்கு மேல் நேரமாகாது. மனிதர்கள் அதனால்தான் நின்று நின்று நடக்கிறார்கள். எத்தனையோ பேர் அப்படி நின்றதை நான் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சிலர்மேல் எரிச்சல்கூடப் பட்டிருக்கிறேன். ஆனால் நான் நின்றால் வண்டி என்மேல் வந்துவிடும், காந்தன் பிரேக்கை மிதிப்பான், மிதித்தால் அவள் குலுங்குவாள். நடையைக் குறைத்தாலும் அதே கதிதான். பின்னால் வந்துகொண்டிருந்தது நான் வைத்த வேகம். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி, அவளையே கேட்டு வைத்த வேகம். ஒரு நடை குறைத்து வைத்திருக்கலாமே என்று அப்போதுதான் தோன்றியது.

"கொஞ்சம் நின்னு போப்பா" என்றார் யாரோ ஒரு பெரியவர். ஒரு பெண் குரல், "பொண்டாட்டிய அனுப்பறதுக்கு என்னா அவசரமோ" என்றது. புகை கண்ணில் அடித்தது. நான் அழுதுகொண்டே, நிற்காமல், அந்த வேகத்தில் சிம்பாங் வரைக்கும் நடந்தேன்.

வழியில் ஒரு தடவைகூடப் பிரேக்கைத் தொடவில்லை மாமா என்று காந்தன் பிறகு சொன்னான்.